கேப் விடாதீங்க என்று கத்தியவள்

காலடியில் ஒரு சத்தம். "வுஃப்." ஒரே ஒரு தடவை. பெரிய மெத்தையில் கனமான ஆள் ஒருவர் தொப்பென்று உட்கார்ந்ததுபோல. பிறகு அமைதி. மணி பதினொன்று ஏழு.

தலைக்கு மேலே, சரிவின் உச்சிப் பக்கம், பனியில் ஒரு கோடு விழுகிறது. லோரியின் முன்கண்ணாடியில் கல் பட்டால் கீறல் ஓடுமே, அப்படி ஓடுகிறது. இடமிருந்து வலம். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் மெதுவாக நகர்கிறது. நாங்கள் நான்கு பேரும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறோம்.

"மேல பாருங்க! மேல! ஓடுங்க!"

செல்வாவின் குரல். பின்னால், பாறையோரத்திலிருந்து. அவன் இன்னும் சரிவில் கால் வைக்கவில்லை.

ஓட முடியாது. முழங்கால் வரை பனி. ஒரு காலை உருவி எடுப்பதற்குள் நின்ற தரையே கிளம்பிவிட்டது. என் கணவர் சந்திரன் எனக்கு இரண்டடி பின்னால். கையை நீட்டினார். விரல்கள் என் முதுகுப்பையின் வாரைப் பிடித்தன. ஓர் இழுப்பு தெரிந்தது. பிறகு அந்த இழுப்பு இல்லை.

வெள்ளை. பிறகு சாம்பல் நிறம். பிறகு இருட்டு. வாயில் பனி. மூக்கில் பனி. காதில் மட்டும் சத்தம். வரிசையாக லோரிகள் சரளைக் கல்லைக் கொட்டுகிற சத்தம். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் கை கால்களை அடித்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. நின்ற அந்த நொடியிலேயே பனி சிமெண்டாக இறுகிவிட்டது. நெஞ்சு வரை புதைந்திருந்தேன். தலை வெளியே. இடது கை வெளியே. கைக்கடிகாரம் பதினொன்று எட்டு என்றது.

என் பெயர் விமலா. வயது ஐம்பத்திரண்டு. மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. இதை ஏன் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தாவா. நேப்பாளத்துக்காரர். அந்தச் சரிவிலேயே இறந்துபோனார். இறந்த மனிதர்மேல் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு புகார் போயிருக்கிறது. ஆபத்தைச் சொல்லவில்லை. நடக்கும் முறையைச் சொல்லித் தரவில்லை. எல்லாரையும் கூட்டமாகச் சரிவில் இறக்கிவிட்டார். இப்படி மூன்று குற்றச்சாட்டு. மூன்றும் பொய். புகாரின் கீழே நான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவதற்குள் இந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். நேரம் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பதிவானவை. மற்றதெல்லாம் என் கண்ணும் காதும். கடிகாரம் பொய் சொல்லாது. நான் சொன்னேன்.

நேப்பாளத்துக்குப் போனது ஐந்து பேர். நான். சந்திரன்; பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயில் பட்டறையிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மேரி, ஸ்ரீ கெம்பாங்கானில் பள்ளி ஆசிரியை, என் சிநேகிதி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். குணா, செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரி. செல்வா, பந்திங்காரன், லோரி ஓட்டுபவன். ஞாயிறு தவறாமல் மலையேறுவோம். சிலாங்கூரில் நாங்கள் மிதிக்காத குன்று குறைவு. ஒரு வருஷமாக இந்தப் பயணத்துக்குப் பயிற்சி. முதுகில் அரிசி மூட்டையோடு பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கினோம். சுற்றுலா வந்தவர்கள் எங்களைத்தான் படம் எடுத்தார்கள்.

குழுவில் என் பெயர் சார்ஜன், அதாவது சார்ஜென்ட். சந்திரன் வைத்தது. "சார்ஜன் சொல்லிட்டாங்க லா, நட" என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். கேப் விடாதே. அது எப்படி வந்தது என்றால், சில வருஷத்துக்கு முன் செலாயாங்குக்கு மேலே ஒரு காட்டில் மழை பிடித்துக்கொண்டது. குணா பின்தங்கிவிட்டான். ஐந்து மணி நேரம் தேடினோம். ஓடைக்குப் பக்கத்தில், அட்டை மொய்த்த காலோடு, அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு நான் சட்டம் போட்டேன். முன்னால் போகிறவர் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் நின்றால் எல்லாரும் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கிள்ளானில் ஆரஞ்சு சட்டை அடித்தோம். முதுகில் பெரிய எழுத்தில் அச்சடித்தோம். கேப் விடாதே. அந்தச் சட்டத்தால் அதற்குப் பிறகு ஒருவரும் தொலையவில்லை. அது நல்ல சட்டம். எங்கள் காட்டுக்கு.

தாவாவைக் கண்டுபிடித்தது செல்வா. தாவா ஆறு வருஷம் மலேசியாவில் இருந்தவர். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை. அங்கே சரக்கு ஏற்றப் போகும்போது செல்வாவுக்குப் பழக்கம். ஊருக்குத் திரும்பி வழிகாட்டிப் பரீட்சை எழுதினார். எங்களோடு மலாயில்தான் பேசினார். ரொட்டி சானாய் இன்னும் கனவில் வருகிறது என்றார். முதல் நாளே எங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆறாம் நாள் பனி கொட்ட ஆரம்பித்தது. நாங்கள் ஏற வந்த கணவாய்க்குக் கீழே, கடைசித் தங்குமிடம். மரச்சுவர், தகரக்கூரை. மூன்று நாள் கொட்டியது. கூடவே காற்று. நாங்கள் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு குழந்தைகள் மாதிரி பார்த்தோம். மேரி வெளியே ஓடிப்போய் நாக்கை நீட்டினாள். குணா பனியில் ஒரு கத்தரிக்காய் செய்தான். அடுப்பைச் சுற்றி மெகி நூடுல்ஸ், மைலோ, சீட்டு. அதற்கு அடுத்த நாள் மதியம் மேகம் விலகியது. நீல வானம். கண் கூசுகிற வெயில்.

எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவர்களுக்கு ஆபத்து என்றால் மழை. வெள்ளம் மழையில் வரும். மண் சரிவது மழையில். மரம் விழுவது மழையில். மழை விட்டதா, வெயில் வந்ததா, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு. ஐம்பது வருஷமாக உடம்பில் ஊறிய கணக்கு. நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நாளைக்குப் போகலாம் என்றேன்.

தாவா தலையாட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே கூட்டிப் போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய மேடு. நெஞ்சளவு குழி வெட்டினார். குழியின் சுவரைக் கையால் தடவிக் காட்டினார். மேலே புதுப்பனி, காற்று அடித்து இறுக்கியது. பலகை மாதிரி. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பழைய பனி. அதைக் கையில் அள்ளினார். ஒட்டவில்லை. உதிர்ந்தது. சீனி மாதிரி. மேலே பலகை, கீழே சீனி என்றார். குழி ஓரத்தில் ஒரு கட்டியைத் தனியாக அறுத்து, மண்வெட்டியை அதன் தலையில் வைத்து, உள்ளங்கையால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் விழுந்தது.

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உங்கள் ஊரில் மழை நின்றால் முடிந்தது. இங்கே பனி நின்ற பிறகுதான் ஆரம்பம். இரண்டு நாள் இருப்போம். இல்லை என்றால் வந்த வழியே திரும்புவோம்."

அவர் சொன்னார். ஐந்து பேரும் கேட்டோம். குணா அந்தக் குழியோடு ஒரு செல்ஃபி எடுத்தான். படம் இன்னும் அவன் கைத்தொலைபேசியில் இருக்கிறது. தாவா சொல்லித் தரவில்லை என்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். பின்னால் மண்வெட்டியோடு நிற்பவர் அவர்தான்.

இரண்டு நாள் இருந்தால் விமானம் போய்விடும். மேரியின் பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. குணாவின் கடையை அவன் மச்சான் எத்தனை நாள் பார்ப்பான். இதெல்லாம் நாங்கள் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம் ஒன்று உண்டு. எனக்குக் கணவாய் உச்சியில் நிற்கிற படம் வேண்டும். புறப்படும் முன்பே அலுவலகத்தில், கோயிலில், சொந்தத்தில் எல்லாரிடமும் வாய் கிழியப் பேசிவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது. அதனால் தாவாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். மற்றவர்கள் முன்னால் கேட்டேன்.

"என்ன தாவா, பயமா?"

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். சூரியன் வருவதற்கு முன் கிளம்ப வேண்டும். குளிரில் பனி கெட்டியாக இருக்கும். வழியில் ஓர் இடத்தில் பள்ளமான சரிவு ஒன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே ஒரு நேரத்தில் ஓர் ஆள் மட்டும்தான் பனியில் இருக்க வேண்டும், மற்றவர்கள் பாறையில். கடைசியாக, எது நடந்தாலும் அவர் கூப்பிடாமல் யாரும் யாரிடமும் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் விரலை மடக்கிச் சொன்னார். "சத்து, சத்து" என்றார். ஒவ்வொருவராக. மேரி பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள்.

அவர் சம்மதித்திருக்கவே கூடாது என்கிறார்கள். இருக்கலாம். அதை அவர் மனைவி சொன்னால் கேட்டுக்கொள்வேன். எங்களுக்கு அதைச் சொல்ல வாய் கிடையாது.

விடிகாலையில் நான்கு மணிக்குத் தட்டினார். குளிர் எலும்பில் ஏறியிருந்தது. சந்திரன் போர்வைக்குள்ளிருந்து, "வெயில் வரட்டும் லா, பாஸ். எங்களுக்கு வெயில் இல்லன்னா இன்ஜின் ஸ்டார்ட் ஆவாது" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தாவா ஐந்துக்கு ஒரு முறை வந்தார். ஆறுக்கு ஒரு முறை வந்தார். நாங்கள் கிளம்பியது ஏழு ஐம்பதுக்கு.

ஒன்பது பதினைந்து. சமதளம். முதல் சத்தம். "வுஃப்." காலுக்குக் கீழே பனி ஓர் அங்குலம் இறங்கியது. குணா, "யாரு லா அது, காலையிலேயே பீன்ஸ் சாப்பிட்டது" என்றான். தாவா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திரும்பலாம் என்றார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்றேன் நான். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பள்ளம் ஒன்றுதான், அதைக் கடந்தால் உச்சி வரை பாறை என்றார். அப்புறம் என்ன என்றேன்.

பத்து ஐம்பது. பள்ளம். இரண்டு பாறை முதுகுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சரிவு. அகலம் ஒரு கால்பந்துத் திடலின் குறுக்களவு இருக்கும். வெயில் அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன. அழகாக இருந்தன. அது எச்சரிக்கை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தாவா முதலில் கடந்தார். ஆறு நிமிஷம். எதிர்ப் பாறையில் ஏறி நின்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். சத்து. மேரி போனாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். கீழே பார்த்திருக்கிறாள். பார்க்கக் கூடாது.

"அக்கா! முடியல அக்கா! தனியா முடியல!"

தாவா அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகப் பேசினார். பெலான், பெலான். நிதானம், நிதானம். என் காலடியை மட்டும் பார். ஒரு நிமிஷம் போனது. மேரி வலது காலை எடுத்தாள். வைத்தாள். இடது காலை எடுத்தாள்.

போன சனிக்கிழமை வரை இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. மேரியின் தம்பியிடம் சொல்லவில்லை. கோயில் பூசாரியிடம் சொல்லவில்லை. செல்வாவும் குணாவும் பார்த்தார்களா என்று தெரியாது. மேரி நகர ஆரம்பித்திருந்தாள். நான் பார்த்தேன். இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டாள். விட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாள். என்னால் பொறுக்க முடியவில்லை. என் குழுவில் ஓர் ஆள் தனியாக நின்று அழுகிறாள், வேறு யாரோ அவளுக்குத் தைரியம் சொல்கிறார். நான் பனியில் இறங்கினேன். பதினொன்று ஆறு. திரும்பிப் பார்த்துக் கத்தினேன்.

"எல்லாரும் வாங்க! கேப் விடாதீங்க!"

சந்திரன் வந்தார். குணா வந்தான். யோசிக்கவே இல்லை. பழக்கம். நான் கத்தினால் கால் தானாக வரும். செல்வா காலணியில் வழுக்காமல் இருக்கக் கட்டிய பனிமுள் கழன்று, குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான். அதனால் தப்பினான்.

எதிர்ப் பாறையில் தாவா இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். "சத்து! சத்து சாஜா! பாலிக்! பாலிக்!" ஒருவர் மட்டும். திரும்புங்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. இன்னும் நாலு அடி நடந்தேன்.

வுஃப்.

மீதியைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். இனி அதற்குப் பிறகு நடந்தது.

பதினொன்று பத்து. தாவா பாறையிலிருந்து இறங்கி ஓடி வருகிறார். கையில் மண்வெட்டி. சரிந்த பனி கட்டி கட்டியாகக் குவிந்து கிடக்கிறது. என்னிடம் வந்தார். என் வாயில் விரலை விட்டுப் பனியைத் தோண்டி எடுத்தார். "நாஃபாஸ்! நாஃபாஸ்!" மூச்சு விடு. விட்டேன். என்னை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார். அதுதான் சரி. தலை வெளியே இருப்பவள் காத்திருக்கலாம்.

இருபதடி தள்ளி ஒரு கையுறை தெரிந்தது. மஞ்சள். குணாவுடையது. தோண்டினார். செல்வாவும் ஓடி வந்து சாப்பாட்டுத் தட்டால் தோண்டினான். மண்வெட்டியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சரக். சரக். நிற்கவே இல்லை. பதினொன்று பத்தொன்பதுக்கு குணாவின் முகம் வந்தது. நீலம். தாவா கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இருமினான். செல்வா அவனை இழுத்துக்கொண்டு பாறைக்குப் போனான்.

தாவா நிமிர்ந்தார். மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். சரிவின் இடது பாதி இன்னும் விழவில்லை. அறுந்த ஓரம் ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. அதன் நேர் கீழேதான் மேரியும் சந்திரனும் எங்கேயோ இருந்தார்கள்.

"அண்ணே, வேணாம்! மேல இன்னும் இருக்கு! வந்துருங்க!" பாறையிலிருந்து செல்வா.

தாவாவுக்கு அது செல்வாவைவிட நன்றாகத் தெரியும். மூன்று நொடி நின்றிருப்பார். நான் நெஞ்சு வரை புதைந்து கிடந்தபடி அவரைத் திட்டினேன். என் ஆத்திரம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. என்ன வார்த்தைகள் என்று எழுதக் கூசுகிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது சாட்சியத்தில் இருக்க வேண்டும்.

"நின்னுக்கிட்டு என்ன பார்க்கிற! என் புருஷன் அங்க இருக்காரு! தோண்டு!"

தமிழில்தான் கத்தினேன். ஆனால் கையை நீட்டிக் காட்டினேன். கைக்கு மொழி கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு அந்தச் சுவருக்குக் கீழே போனார். நடைக்கழியைத் தலைகீழாகப் பிடித்துப் பனியில் குத்திக் குத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் நின்றார். மண்வெட்டியைப் போட்டார். சரக். சரக். சரக்.

பதினொன்று முப்பத்தொன்று. இந்தத் தடவை வுஃப் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முதல் சரிவில் பாதிகூட இல்லை. அதன் ஓரம் என் கழுத்து வரை வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் நின்ற இடம் சமமாக இருந்தது.

செல்வா என்னைத் தட்டால் தோண்டி எடுத்தான். அவன் விரல்களிலிருந்து ரத்தம் வடிந்தது. அழுதுகொண்டே தோண்டினான். இன்று வரை அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

தாவாவை அன்று பிற்பகல் அவருடைய ஊர்க்காரர்கள் எடுத்தார்கள். சந்திரனை மறுநாள். தாவா கடைசியாகத் தோண்டிய இடத்துக்கு ஒரு முழம் பக்கத்தில். சரியான இடத்தில்தான் தோண்டியிருக்கிறார். மேரியை மூன்றாம் நாள்.

சந்திரனைக் கிள்ளானில் தகனம் செய்தோம். மேரிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் தேவாலயத்தில் பூசை. அவள் மாணவர்கள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்படி நடந்தது. நான் தலையைக் குனிந்தேன். குனிந்த தலையைப் பார்த்து அவரவர் ஒரு கதையைச் செய்துகொண்டார்கள். கைடு சரியில்லை. ஃபேக்டரியில் வேலை பார்த்த ஆளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும். வாட்ஸ்அப்பில் அது ஓடியது. நான் பார்த்தேன். மறுக்கவில்லை. முதல் வாரம் மறுக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் பழகிவிட்டது.

மேரியின் தம்பி ஜோசப் புகாரை எழுதினார். ஒரு புதன்கிழமை, மாலை மூன்று மணி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரில் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொடுத்த தேநீர், பக்கத்து மேசையில் யாரோ வாழையிலையை மடிக்கிறார்கள், மேலே ரயில் போகிறது. ஜோசப், அவர் மனைவி, சந்திரனின் அண்ணன், நான், குணா, செல்வா. தாளை என் முன்னால் தள்ளினார்கள். அக்காதான் முதல்ல போடணும் என்றார் ஜோசப். போட்டேன். குணா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். செல்வா கண்ணாடி கொண்டு வரவில்லை என்றான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. இரண்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொய்யிலும் சேரவில்லை.

ஆறு வாரம் கழித்து செல்வாவுக்கு ஒரு அழைப்பு. தாவாவின் மைத்துனர். அவரும் மலேசியாவில் வேலை பார்த்தவர், மலாய் பேசுவார். அவரும் வழிகாட்டிதான். பக்கத்தில் தாவாவின் மனைவி இருந்திருக்கிறார். அவர்கள் திட்டவில்லை. சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவராகப் போகச் சொன்னாரா, இல்லையா? சொன்னார் என்றால் அந்த அம்மாள் ஊரில் தலை நிமிர்ந்து நடப்பார். சொல்லவில்லை என்றால் இரண்டு பேரைக் கொன்றவன் மனைவி. செல்வா கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம். நான் எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

போன சனிக்கிழமை காலை ஜோசப் வீட்டுக்குப் போனேன். மேரியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எடுத்து வைத்த அந்த இரண்டு அடி உட்பட. ஜோசப்பின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும் ஜோசப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க அக்கா. இனிமே இங்க வராதீங்க."

"புகாரு?"

"எடுத்துடறேன். உங்களுக்காக இல்ல."

அவர் எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். அதனால்தான் இது தனியாகப் போகிறது. ஒரு பிரதி விசாரணை அலுவலகத்துக்கு. ஒரு பிரதி தாவாவின் மனைவிக்கு. செல்வா மலாயில் வாசிப்பான், மைத்துனர் அவருக்கு எடுத்துச் சொல்வார். ஒரு பிரதி கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள எல்லா மலையேறும் குழுக்களுக்கும். வெயிலைப் பார்த்து பனியில் கிளம்பாதீர்கள். காலடியில் அந்தச் சத்தம் கேட்டால் திரும்புங்கள். கூட வந்தவர் தனியாக நின்று அழுதாலும், ஒருவர் மட்டும் என்று சொன்னால் ஒருவர் மட்டும்தான். நமக்கு அது கல்நெஞ்சமாகத் தெரியும். தெரியட்டும்.

இனி கணக்கு.

உயிர்கள் மூன்று. விரல்கள் ஐந்து, குணாவின் வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு. தராசு பிடிக்க இப்போது மச்சான் வருகிறான். முப்பத்தொரு வருஷக் கல்யாணம் ஒன்று. இருபது வருஷச் சிநேகிதம், அவள் வீட்டு வாசலோடு சேர்த்து. ஒரு குழு, ஆரஞ்சுச் சட்டைகளை யாரும் போடுவதில்லை. ஒரு மண்வெட்டி, கிடைக்கவில்லை.

மேரி, வயது நாற்பத்து நான்கு. தானாகவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

சந்திரன், வயது ஐம்பத்தாறு. நான் கூப்பிட்டேன் என்று வந்தார்.

தாவா, வயது முப்பத்தொன்பது. பாறைமேல் பத்திரமாக நின்றிருந்தார். ஒவ்வொருவராகப் போங்கள் என்று சொன்னார். வாயாலும் விரலாலும், இரண்டு நாளில், எத்தனையோ தடவை சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.